இந்த வீட்ல யாருக்குச் சம்பளம் வருது?

ஒரு சீரியல் தேறுமா தேறாதா என்பதை என் மாமியார் ஒரே கேள்வியில் முடிவு செய்துவிடுவார். “இந்த வீட்ல யாருக்கும்மா சம்பளம் வருது?” வளைந்து இறங்கும் மாடிப்படி, காலை ஆறு மணிக்கே பட்டுப்புடவையும் நெக்லஸுமாகக் காபி கலக்கும் மருமகள்கள், ஆபீஸுக்குக் கிளம்புகிற மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கூடத்திலேயே நிற்கும் மகன்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். அரிசி என்ன விலை, கேஸ் எப்போது தீர்ந்தது என்று ஒருநாளாவது பேச்சு வந்திருக்கிறதா? கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பூண்டு உரிக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் திருச்சியில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவள். வரவு எழுதாமல் செலவு மட்டும் எழுதியிருக்கும் பேரேட்டைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடும். அதனால் அத்தையின் கேள்வி எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது. சீரியல், சினிமா, இப்போது போனில் வருகிற வெப் சீரிஸ் என்று எதைப் பார்த்தாலும் அதைத்தான் முதலில் தேடுகிறேன். குறை சொல்லும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் வீட்டில் எல்லாரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவற்றையும், பாதியில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டவற்றையும் பிரித்து வைத்துப் பார்த்தால், பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிற கதைகள்தான் பெரும்பாலும் முதல் பக்கம் நிற்கின்றன.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986இல் வந்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டுக்குக் குறுக்கே கோடு போடுகிற காட்சியையும் மனோரமாவின் அட்டகாசத்தையும்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சண்டை தொடங்குகிற இடம். மூத்த மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். இந்த மாதம் அவள் இங்கே சாப்பிடவில்லை. ஆகவே வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அவள் பங்கைக் கழித்துக்கொண்டு தருகிறான் மூத்த மகன். கழித்தல் கணக்கில் பிழை இல்லை. அப்பா அதைக் கேட்டுக் கொதிப்பதிலும் பிழை இல்லை. அந்தத் தொகை பெரியதாக இருந்திருந்தால் காட்சி இவ்வளவு சுட்டிருக்காது. அற்பத் தொகை என்பதால்தான் அப்பாவுக்கு அப்படி எரிகிறது.

அந்த ஆண்டு தேசிய விருதில் நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. படத்தின் முடிவில் எனக்கும் அத்தைக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள் லட்சுமியே, நாங்கள் தனியாகப் போய் இருக்கிறோம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிடுவார். “சேர்த்து வச்சவ எதுக்குப் போகணும்? அதுக்கு முதல்லயே போயிருக்கலாமே” என்பது அத்தை கட்சி. எனக்கோ அந்தப் படத்தின் முதுகெலும்பே அதுதான். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது ‘சுபம்’ போட்டிருந்தால் அடுத்த மாதச் சம்பள நாளில் அதே சண்டை திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும், விசுவுக்கும் தெரிந்திருக்கிறது.

சீரியல்களில் இந்தச் சோதனையில் நல்ல மார்க்கோடு தேறியது ‘மெட்டி ஒலி’. திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 811 பகுதிகள் ஓடியது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய, மனைவியை இழந்த அப்பாவாக டெல்லி குமார். கல்யாணம் என்றால் செலவு, செலவு என்றால் கடன், கடன் என்றால் சம்பந்தி வீட்டுப் பேச்சு என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்துகொண்டே போகும். கதைக்கு வெளியிலிருந்து வில்லன் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. நான் அப்போது புது மருமகள். திரையில் சரோஜாவை அவள் மாமியார் படுத்துகிற காட்சி வரும்போதெல்லாம் நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நேராக டிவியையே பார்த்துக்கொண்டிருப்போம். என் கணவர் நடுவில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ராத்திரியில் காலைப் பேப்பர்!

அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டானது. யாரும் உட்கார்ந்து பேசி உருவாக்கியதில்லை, அதுவாக வந்தது. திரையில் வருகிற யாரை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். “நம்ம வீட்லயும்தான்” என்று ஆரம்பிக்கிற வாக்கியம் மட்டும் கூடாது. சேர்ந்து டிவி பார்க்கிற எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை இதுதான். அந்த மாமியாரைத் திட்டுவதில் அத்தை என்னைவிட வேகம் காட்டுவார். அந்தத் திட்டிலேயே எனக்கு வேண்டிய சேதி இருந்தது. இதைப் பற்றி நாங்கள் நேரடியாகப் பேசியதே இல்லை, பேசியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டபோது என் மகனும் மகளும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள். “இவங்க ஏன் போன் பண்ணிக் கேட்க மாட்டேங்கிறாங்க?” என்பது மகனின் முக்கால்வாசிச் சந்தேகம். செல்போன் இல்லாத காலத்துக் கதைகளில் ஒரு சேதி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக ஒரு முழு எபிசோடு ஆகும். அது இழுவை கிடையாது, அன்றைய நடப்பு. இன்றைக்குச் சட்டைப்பையில் போன் இருந்தும் அதை எடுக்காமல் மூன்று வாரம் ‘உண்மை தெரியாமல்’ தவிக்கிறார்களே, அதுதான் இழுவை.

‘கோலங்கள்’ பற்றி இரண்டு வார்த்தை. 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகள். அப்பா விட்டுப்போன குடும்பத்தை மூத்த மகள் அபி தூக்கி நிறுத்துகிற முதல் கட்டம்வரைக்கும் தேவயானி சுமந்தது நிஜ பாரம். பிறகு கம்பெனி சண்டை, பழிவாங்கல் என்று கோடிகளில் பேச ஆரம்பித்தார்கள். கோடி என்பது எங்கள் கூடத்தில் யாருக்கும் கண்ணுக்குத் தெரியாத எண். அத்தை எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வம்தான் 2022இல் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். அதில் அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதச் சொத்து கதையின் நடுவில் வந்து உட்கார்ந்ததும் எங்கள் வீடு மறுபடி சீரியலுக்குள் நுழைந்தது. என் பிள்ளைகளும் அத்தையை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? பேரன் எதையாவது வாங்கித் தரச் சொல்லிக் கெஞ்சினால், “என் நாப்பது பர்சன்ட்ல கைய வைக்காத” என்பார். ஆனால் விஷயம் கேலியோடு நின்றுவிடவில்லை. வீட்டில் சமைத்துக் கொட்டுகிற மருமகள்கள் கையில் சொந்தமாகப் பத்து ரூபாய் இல்லை, சொத்துக் காகிதத்தில் கையெழுத்து யாருடையது என்பதுதான் அதிகாரம் என்பதை அந்த சீரியல் பல மாதம் விடாமல் காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், அதுவரை தன் கணவரின் எல்ஐசி பாலிசியில் நாமினி யார் என்றே தெரியாமல் இருந்தவர், ஒருநாள் பீரோவைத் திறந்து பார்த்தார். அவர் பெயர்தான் இருந்தது. பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார்.

அந்த வீட்டை அடக்கி ஆளும் மூத்த மகன் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த காலை நேரத்தில், மாரடைப்பில் இறந்துபோனார். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். அவர் நல்ல நடிகர்தான், மிரட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் மாரிமுத்துவின் குணசேகரனிடம் நம் தெருவில் பார்த்த ஒரு ஆளின் சாயல் இருந்தது. அந்த ஆள் கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி, தான் சொல்வதுதான் நியாயம் என்று மனதார நம்புவார். அதைக் கொண்டுவர இன்னொருவரால் முடியாது. 2024 ஜூனில் சீரியலை முடித்துவிட்டு அந்த ஆண்டு டிசம்பரிலேயே இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார்கள். நாங்கள் தொடரவில்லை.

தினசரி சீரியல் பார்ப்பவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துச் சொச்சம்தான் கதை. அதில் முதல் சில நிமிடம் நேற்றைய கடைசிக் காட்சி, கடைசியில் நாளைக்கு என்ன என்ற முன்னோட்டம். புதுச் சரக்கு மிஞ்சினால் கால் மணி நேரம். திங்கட்கிழமை ஒரு முடிச்சைப் போட்டு, வார நடுவில் எல்லாரும் அதிர்ந்த முகத்தோடு நின்று, சனிக்கிழமை கொஞ்சம் அவிழ்ப்பார்கள். நான் திங்களும் சனியும் மட்டும் பார்க்கிறேன். கதை எதுவும் விட்டுப்போனதாக இதுவரை தோன்றியதில்லை. வார நடுவில் கேட்க வேண்டியது இருந்தால் அத்தையிடம் கேட்டுக்கொள்ளலாம், சீரியலைவிட அவர் சொல்லும் சுருக்கம் சுவாரசியமாக இருக்கும்.

ஒரு சீரியல் கழன்று போகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அறிகுறிகள் உண்டு. ஒரு பாத்திரத்துக்கு நினைவு தப்பிப்போவது. செத்ததாகச் சொன்னவர் திரும்பி வருவது. வீட்டுக் கதைக்குள் ஆள் கடத்தல் நுழைவது. ஒரு வசனத்துக்கு ஆறு முகங்களை மூன்று முறை சுற்றிக் காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேல் ‘மகாசங்கமம்’. இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரே கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வந்து ஒரு மணி நேரமாக ஓடினால், இரண்டில் ஒன்றுக்கு ரேட்டிங் தள்ளாடுகிறது என்று பொருள். வியாழக்கிழமைதோறும் வரும் டிஆர்பி பட்டியல்தான் அடுத்த வாரக் கதையின் ஒரு பாதியை எழுதுகிறது. நடிகர்களையோ எழுதுகிறவர்களையோ மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த அறிகுறிகளில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் விட்டுவிடுவேன். ‘இத்தனை வருஷம் பார்த்துட்டோமே’ என்று உட்கார்ந்திருப்பது, நஷ்டத்தில் ஓடும் சீட்டில் தவணை கட்டிக்கொண்டே இருப்பது மாதிரிதான்.

சினிமாவுக்கு வருகிறேன்.

‘சூர்யவம்சம்’ எங்கள் அத்தைக்குப் பிடித்த படம். 1997, விக்ரமன். சரத்குமாரும் தேவயானியும் ஒன்றுமில்லாமல் வாழ்க்கையைத் தொடங்கி, ஒரு பாட்டுக்குள் பஸ் முதலாளி ஆகிவிடுவார்கள். அந்தப் பாட்டு வந்தால் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே டீசல், டிரைவர் படி, பெர்மிட், வங்கி வட்டி என்று கணக்குப் போடுவேன். அத்தை என்னைப் பார்த்து, “பாட்டைப் பாக்க விடுறியா?” என்பார். நியாயம்தான். அவர் அந்தப் படத்தைப் பார்ப்பது கணக்குக்காக இல்லை. ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளை அப்பன் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்காக. தன் சட்டத்தையே தனக்குப் பிடித்த படத்துக்குத் தள்ளுபடி செய்யும் உரிமை அத்தைக்கு உண்டு.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 2025 ஜூலையில், அதே ஜோடி ‘3 பிஎச்கே’ படத்தில் கணவன் மனைவியாக வந்தார்கள். ஸ்ரீ கணேஷ் இயக்கம். இந்த முறை பாட்டு எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. வாடகை வீடு மாறி மாறி, சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கக் குடும்பமே சேர்ந்து பணம் சேர்க்கிறது. சேரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது: பையனின் காலேஜ் சீட், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு. பிற்பாதியில் சோகம் கொஞ்சம் கூடுதலாகவே அடுக்கப்பட்டிருக்கிறது, மகனாக வரும் சித்தார்த்தை இவ்வளவு அடிக்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனாலும் வீடு பார்க்கப் போகிற இடத்தில் அந்தக் குடும்பம் காலி அறைக்குள் நின்று, கட்டில் இங்கே, டிவி அங்கே என்று காற்றில் கைகாட்டுகிற மாதிரியான ஆசையை நானும் என் கணவரும் நன்றாக அறிவோம். படம் முடிந்ததும் அவர் போனில் இஎம்ஐ கால்குலேட்டரைத் திறந்தார். வாடகையிலேயே இருந்து மிச்சத்தை வங்கியில் போட்டிருந்தால் இவ்வளவு அவதி இல்லை என்பது அவர் வாதம். “அப்பா, அந்தக் கதையில வீடுங்கறது முதலீடு இல்லப்பா, மரியாதை” என்றாள் மகள். பதினோரு மணிவரை போனது அந்தச் சண்டை. நல்ல படம் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வீடு என்ற விஷயத்தில் தமிழில் எடுத்த சிறந்த படம் இன்னமும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ தான் என்பேன். 1988இல் வெளியானது. வேலைக்குப் போகிற ஒரு பெண், தங்கை, வயதான தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், சொந்த நிலத்தில் கட்டலாம் என்று இறங்குகிறார்கள். நிலத்தில் ஒரு பகுதியை விற்பது, கடனுக்கு அலைவது, சிமென்ட் திருட்டு என்று ஒவ்வொரு படியும் அதில் இருக்கிறது. ஹார்டுவேர்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: வீடு கட்டுகிறவர்கள் எங்கள் கவுன்டருக்கு முன்னால் நிற்கிற அந்த நிற்பு அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவின் உடம்பில் இருக்கிறது. அவருக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. பாட்டு கிடையாது. குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாக, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேண்டாம். மறுநாள் வேலைக்குப் போகவே மனசு வராது. சனிக்கிழமை மதியம் சரியாக இருக்கும்.

இன்னொன்று, ‘குடும்பஸ்தன்’. 2025 ஜனவரியில் வந்தது. மணிகண்டன் கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போகிற கதை. விழுந்து விழுந்து சிரித்தோம். நடுவில் அவன் போனில் கடன்காரர்களின் அழைப்பு வரிசையாக வருகிற நேரத்தில் என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய கம்பெனியில் ஒருமுறை ஆட்குறைப்பு நடந்தபோது எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைக்குப் படம் முடிந்த பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, அவராகவே மகளிடம் அதைச் சொன்னார். எத்தனை மாதம், யாரிடம் வாங்கினோம், என் வளையல் எந்த அடகுக்கடையில் இருந்தது, எப்போது மீட்டோம். ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள், படம் முடிந்ததும் “எப்படி இருந்துச்சு?” என்று உடனே கேட்காதீர்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான். பாத்திரம் கழுவுகிற நேரம், பால் காய்ச்சுகிற நேரம், அப்போது தானாக வரும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. இவர் இயக்குநர் மணிகண்டன், வேறு ஆள். 299 ரூபாய் பீட்சாவுக்காக ரயில் பாதையோரம் கரி பொறுக்கிக் காசு சேர்க்கும் இரண்டு பையன்கள். 2015இல் அது வந்தபோது என் மகன் சின்னப் பையன். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் உண்டியலைக் கொட்டி எண்ணினான். அந்தப் படத்தில் சோகப் பாட்டு போட்டு ஏழைகளைப் பார்த்து நம்மைப் பரிதாபப்படச் சொல்லவில்லை. ஒரு நாள் வருமானம் எவ்வளவு, பீட்சா எவ்வளவு, இடையில் எத்தனை நாள் என்று குழந்தைக்குப் புரிகிற கணக்காக வைத்துவிட்டார்கள். ராமின் ‘தங்க மீன்கள்’ படமும் கட்ட முடியாத பள்ளிக்கூடப் பணத்தைச் சுற்றியதுதான், ஆனால் அதைப் பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குழந்தை படும் அவமானம் மனசைப் பிடித்துக்கொண்டு விடாது. பெரியவர்களுக்குத்தான் அது தேவை.

சென்சார் சான்றிதழை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. 2024 விதிகளுக்குப் பிறகு தியேட்டர் படங்களுக்கு யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், முன்பைவிட இது மேல். ஓடிடியில் வரும் தொடர்களுக்குச் சென்சார் போர்டு கிடையாது, அந்தந்த நிறுவனமே வயதைப் போட்டுக்கொள்கிறது. தொடங்கும்போது திரை மூலையில் வயதோடு வன்முறை, கெட்ட வார்த்தை என்று ஓரிரு சொற்கள் சில நொடி வந்து மறையும். அதைப் படித்துவிடுங்கள். ஆனால் மாமனார் மாமியார், வயசுப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற கூடத்தில் நமக்கு வருகிற சங்கடம் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. எங்கள் வீட்டில் மகள்தான் முன்னோட்டம் பார்ப்பவள். முதல் நாளே போனில் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, “அப்பத்தாவோட பார்க்கலாம்”, “அப்பத்தா தூங்குனப்புறம்” என்று இரண்டில் ஒன்றைச் சொல்வாள். சில படங்களுக்கு, “அம்பதாவது நிமிஷம் அப்பத்தாவுக்குக் காபி” என்று குறிப்பும் வரும்.

வயதானவர்களோடு பார்ப்பதில் இன்னொரு சிக்கல் சத்தம். பாட்டு காதைப் பிளக்கும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ரிமோட்டை ஏற்றி இறக்கியே கை ஓய்ந்துபோகும். ஓடிடியில் ஆடியோ என்ற இடத்தில் 5.1 என்று இருந்தால் சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பில் பேச்சுத் தெளிவுக்கென்று ஒரு தேர்வு பெரும்பாலான புது டிவிகளில் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டதில் அத்தை “என்ன சொன்னான்?” என்று கேட்பது பாதியாகக் குறைந்துவிட்டது. இடைவேளையை நாமே விட்டுக்கொள்ள வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வயதான முட்டிகளுக்கு முடியாது. சாயங்காலம் ஐந்துக்குப் போட்டு, நடுவில் விளக்கேற்றி, டிபன் முடித்து, எட்டரைக்கு முடிப்பது எங்களுக்குத் தோதாக இருக்கிறது.

எல்லாவற்றையும் பணக் கணக்கிலேயே அளந்துவிட முடியாது என்று மகள் என்னோடு சண்டை போடுவாள். அவள் காட்டும் உதாரணம் ‘மெய்யழகன்’. 2024இல் வந்தபோது நீளம் என்று பேச்சு கிளம்பி, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். கார்த்தியும் அரவிந்த் சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். அந்தப் பேச்சைக் குறைத்தால் நல்லது என்று யாருக்குத் தோன்றியதோ! எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் மகளிடம் நான் சொன்னது, தஞ்சாவூரில் பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களிடம் பறிகொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புவதில்தான் படமே ஆரம்பிக்கிறது, முதல் பக்கமே சொத்துக் கணக்குதானே என்று. “உனக்கு எதைப் பார்த்தாலும் பேரேடுதான்” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போதைக்கு எங்கள் கூடத்தில் ஓடிக்கொண்டிருப்பது ‘தலைவெட்டியான் பாளையம்’, இரண்டாவது தடவையாக. இந்தியில் பெயர்பெற்ற ‘பஞ்சாயத்’ தொடரைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவந்து நாகா இயக்கியது, 2024இல் வந்தது. எட்டு எபிசோடு. நாகா முன்பு இயக்கிய டிவி தொடர் ‘மர்மதேசம்’ விடாது கருப்பு பார்த்து ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை நாங்கள். அதே நாகா, அதில் நடித்த அதே சேத்தனும் தேவதர்ஷினியும் இப்போது ஊர்த் தலைவர் குடும்பமாக வருகிறார்கள். “இவன் மெட்டி ஒலி மாணிக்கம்ல?” என்று அத்தை சேத்தனைப் பார்த்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டார். பட்டணத்துப் பையன் ஒருவன் வேறு வேலை கிடைக்காமல் கிராமத்துப் பஞ்சாயத்து ஆபீஸுக்குச் செயலாளராக வந்து, அங்கேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, எப்படா இங்கிருந்து தப்பிப்போம் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அவனுக்கு என்ன சம்பளம், அதில் என்ன மிஞ்சும் என்பது கதைக்குள்ளேயே இருப்பதால் அத்தையின் கேள்வி எழவே இல்லை. குறை என்று சொன்னால், இந்தியில் பார்த்தவர்களுக்குக் காட்சிகள் அச்சாகத் தெரியும், எங்கள் வீட்டில் மகள் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறாள், அவள் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே சிரித்துவிடுகிறாள். அவளை அடுத்த முறை பின்வரிசையில் உட்காரவைக்கலாமா என்று யோசனை நடக்கிறது.